காகிதத்தின் மௌனமும் இசைத்தட்டின் இரைச்சலும்

விழா மலர் ஒன்று கைக்கு வந்தவுடன், எழுத்தைப் படிக்குமுன்னே அதன் தாளைத் தடவிப் பார்ப்பவர் பலர். வழவழப்பான தாளாயின் மகிழ்வர். சொரசொரப்பான தாளாயின் சற்றே முகஞ் சுளிப்பர். ஆயினும் கட்டுரையிலோ கவிதையிலோ உள்ளம் புகுந்தபின் தாளை எவரும் நினைப்பதில்லை. எழுத்தைத் தாங்கிக்கொண்டு தான் மறைந்து நிற்பதே தாளின் தொண்டு. இசைத்தட்டின் தொண்டும் அத்தகையதே. பாடுபவரின் குரலிலே நாம் தோய்ந்திருக்கும்வரை தட்டை மறந்திருக்கிறோம். அது கரகரக்கத் தொடங்கியதும் குரலை மறந்து தட்டை நினைக்கிறோம்.

ஏட்டைத் தாங்குவதும் பாட்டைத் தாங்குவதும் ஒரே வகைத் தொண்டு என்னும் இவ்வெண்ணம் புதியதன்று. காகிதத்தையும் இசைத்தட்டையும் ஒரே கட்டுரையில் ஒருங்கு வைத்து ஆராய்ந்த யப்பானிய எழுத்தாளர் ஒருவர் உளர். அவர் எழுப்பிய வினாவையும், அவருக்குப்பின் அவர் நாட்டவரே அதற்குத் தேடிய விடையையும் எமது கல்லூரியின் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் எடுத்துரைத்தல் இம்மலருக்குப் பொருந்துமென நம்புகிறோம்.

தனிசாக்கியின் வினா

தனிசாக்கி ஜூனிசிரோ 1886 ஆம் ஆண்டு தோக்கியோ நகரிலே பிறந்தவர். 1923 ஆம் ஆண்டு செப்டெம்பர் 1 ஆம் நாள் அந்நகரைப் பாழாக்கிய பெரு நிலநடுக்கத்தின்பின், கியோத்தோ, ஒசாக்கா நகரங்களைச் சார்ந்த மேற்குப் பகுதியிற் குடியேறினார். அங்கே பழைய யப்பானிய வாழ்க்கையின் நயங்களை நுணுகிக் கண்டு நாவல்கள் பல எழுதினார். 1965 இல் மறைந்தார். அவர் 1933 ஆம் ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் சஞ்சிகை ஒன்றில் வெளியிட்ட நீண்ட கட்டுரை 'இன்எய் ரைசன்' என்பது. 'நிழலின் புகழ்' என அதனைத் தமிழிற் கூறலாம். மின்விளக்கும் வெப்பமூட்டியும் பளிங்குபோல் மின்னும் குளியலறைத் தளமும் வீட்டினுள்ளே புகுந்தபோது, மங்கிய ஒளியிலே மலர்ந்திருந்த யப்பானிய அழகுணர்ச்சி யாதாயிற்று என்பதே அக்கட்டுரையின் பொருள்.

அதிலே காகிதத்தைப்பற்றி அவர் கூறும் கருத்தின் சாரம் இது: மேனாட்டுத் தாள் ஒரு பயன்படு பொருள், அவ்வளவே, அது தன்மேல் வீழ்ந்த ஒளியைத் திருப்பி எறிகின்றது. சீனத்திலும் யப்பானிலும் செய்த நற்றாளோ ஒளியை மெல்லத் தன்னுள் வாங்கிக்கொள்கின்றது. மடித்தாலும் கசக்கினாலும் அஃது ஓசை எழுப்புவதில்லை. தொடுகைக்கு இலைபோல் அமைதியாய் இருக்கின்றது. காகிதத்தின் சிறப்பைக் கூறவந்தவர் அதன் ஓசையின்மையைச் சிறப்பாகக் குறித்தமை ஈண்டு கருதத்தக்கது.

அதே கட்டுரையில் அவர் கிராமபோனையும் வானொலியையும் எடுத்துக்கொள்கிறார். இக்கருவிகளை யப்பானியரே ஆக்கியிருந்தால், அவை யப்பானியர் குரலுக்கும் இசைக்கும் இயைந்தனவாய் அமைந்திருக்கும் என்பது அவர் எண்ணம். யப்பானிய இசை அடக்கத்தை உயிராகக் கொண்டது. அதனைத் தட்டிலே பதித்தாலும் ஒலிபெருக்கியிலே பெருக்கினாலும் அதன் நயத்திற் பெரும்பகுதி கெட்டுவிடும். பேச்சுக் கலையிலும் இசையிலும் ஒலிக்கும் ஒலிக்கும் இடைப்பட்ட மௌனம் இன்றியமையாதது. யப்பானியர் அதனை 'மா' என்பர். கருவியோ அம்மௌனத்தை உயிரற்றதாக்கி விடுகின்றது. முடிவில், கருவிக்கு உகந்தவாறு கலையையே வளைக்கும் நிலை வந்துவிடுகின்றது என அவர் வருந்துகிறார்.

இது பழைமையை விரும்பிய கலைஞர் ஒருவரின் ஏக்கம் மட்டுந்தானா? அன்றி, விஞ்ஞான நோக்கிலும் இதற்கு ஆதாரம் உண்டா? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், முதலில் அக்காகிதம் பிறக்கும் முறையை அறிதல் வேண்டும்.

வாஷி என்னும் தாள்

காகிதம் செய்யும் கலை சீனத்திலே தோன்றிக் கொரியா வழியாக யப்பானை அடைந்தது. கி.பி. 610 ஆம் ஆண்டிற் கொரிய நாட்டிலிருந்து வந்த தொஞ்சோ என்னும் பௌத்த துறவி காகிதமும் மையும் செய்யும் வகையை நன்கறிந்தவர் என யப்பானியரின் பழைய வரலாற்று நூலாகிய 'நிகொன் ஷோகி' கூறுகின்றது. நாரா நகரிலே தோதாய்ஜி ஆலயத்தைச் சார்ந்த ஷோசோயின் பண்டகசாலையில், கி.பி. 702 ஆம் ஆண்டைச் சேர்ந்த குடிமதிப்பு ஏடுகளின் பகுதிகள் இன்றும் உள்ளன. பதின்மூன்று நூற்றாண்டுகள் கடந்தும் அத்தாள் அழியவில்லை.

அத்தகைய தாளை யப்பானியர் 'வாஷி' என்பர். கோசோ, மித்சுமாதா, காம்பி என்னும் மூவகைச் செடிகளின் உட்பட்டையே அதற்கு மூலப்பொருள். இவற்றுள் மிகுதியும் பயன்படுவது கோசோ. அது முசுக்கட்டைக்கு உறவான செடி. எமது பலாவும் ஆலும் சேர்ந்த அதே தாவரக் குடும்பத்தைச் சார்ந்தது. மாரிகாலத்தில் கிளைகளை வெட்டி, ஆவியில் அவித்து, பட்டையை உரித்து, கரிய மேற்றோலைச் சுரண்டி நீக்குவர். பின்னர்ச் சாம்பல் நீர் போன்ற காரநீரிலே கொதிக்க வைத்துக் குளிர்ந்த ஓடை நீரில் அலசுவர். பட்டையிலுள்ள சிறு சிறு கறைகளையும் கையாலே தேடிப் பொறுக்குவர். அதன்பின் தடிகொண்டு அடித்து நாரைப் பிரிப்பர். வெட்டிக் குறுக்காமல் அடித்துப் பிரிப்பதனால் நார் நீண்டே இருக்கும். சாதாரண மரக்கூழின் நார் 1 முதல் 3 மில்லிமீற்றர் வரை நீளமுடையது. கோசோவின் நாரோ ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் நீளமுடையது.

இந்நீண்ட நார் நீரிலே திரண்டு முடிச்சிடாமல் இருப்பதற்கு அவர்கள் கண்ட உபாயம் எம்மவர்க்குச் சுவை தருவது. தொரோரோ அவோய் என்னும் செடியின் வேரை நசுக்கி அதன் வழுவழுப்பான சாற்றை நீரிற் கலப்பர். அச்செடி வெண்டியின் இனத்தைச் சேர்ந்தது. வெண்டிக்காயை நறுக்கும் போது கையிலே ஒட்டும் வழுவழுப்பை அறிந்த எமது வீட்டுப் பெண்களுக்கு இச்சாற்றின் இயல்பை விளக்க வேண்டியதில்லை. அது நாரைத் தனித்தனியே மிதக்கவிட்டு, நீர் விரைந்து வடியாதவாறு தடுக்கின்றது. தொழிலாளர் மூங்கிற் சட்டத்தால் அந்நீரை அள்ளி, முன்னும் பின்னும் அசைத்து, மிகையான நீரை வீசி எறிவர், மீண்டும் அள்ளுவர். நார் ஒன்றன்மேல் ஒன்று படிந்து பின்னிக்கொள்ளும். மெல்லிய தாள் பிறக்கும். யப்பானின் சேக்கிசு, மினோ, ஒசோகாவா ஆகிய மூவகைத் தாள்களின் செய்முறையை ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் 2014 ஆம் ஆண்டில் மனித இனத்தின் பண்பாட்டு மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது.

வாஷியின் அமைதிக்குக் காரணம் இச்செய்முறையிலேயே உள்ளது. அதன் நாருக்கிடையே நுண்ணிய வெற்றிடங்கள் பல. வீழும் ஒளி அவற்றினுள்ளே புகுந்து பல திசையிற் சிதறி மென்மையாய் வெளிவருகின்றது. மேனாட்டு வழவழப்புத் தாளோ வெண்களி பூசி உருளையால் அழுத்தப்பட்டது. ஆதலின் ஒளியைக் கண்ணாடிபோல் தெறிக்கச் செய்கின்றது. வீட்டுச் சாளரங்களிலும் கதவுகளிலும் சட்டமிட்டு ஒட்டும் 'ஷோஜி'த் தாளும் இவ்வியல்பினதே. வெயிலை வடிகட்டி நிலாப்போலாக்கி உள்ளே விடுகின்றது. வெளியிலே பெய்யும் மழையின் ஓசையையும் முற்றாய்த் தடுப்பதில்லை. தரையிலே விரித்த தடித்த புற்பாயும் ஒலியை உறிஞ்சிவிடும். கற்சுவர் மண்டபத்தைப்போல் எதிரொலி முழங்காத இத்தகைய அறையிலே பிறந்து வளர்ந்த இசை, மெல்லொலியையும் மௌனத்தையும் நம்பி நின்றதில் வியப்பில்லை.

அரக்குத் தட்டின் இரைச்சல்

இனி, தனிசாக்கி கேட்ட இசைத்தட்டின் இயல்பை நோக்குவோம். 1925 ஆம் ஆண்டுவரை தட்டுக்கள் மின்சாரத்தின் உதவியின்றியே பதிவாயின. பாடுவோரும் வாசிப்போரும் ஒரு பெரிய ஊதுகுழலின் வாயை நெருங்கி நின்று உரத்து ஒலிக்க வேண்டும். அவ்வொலியின் விசையே ஊசியை அசைத்து மெழுகிலே வரைதல் வேண்டும். மனிதன் செவி செக்கனுக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரையுள்ள மீடிறன்களைக் கேட்கவல்லது. அக்காலத் தட்டோ ஏறத்தாழ 250 முதல் 2,500 வரையுள்ள பகுதியையே நன்கு ஏற்றது. 1925 இல் ஒலிவாங்கியும் மின்விரியலாக்கியும் வந்தபின் அவ்வெல்லை விரிந்தது. எனினும் தட்டின் உடல் மாறவில்லை.

அவ்வுடல் அரக்கினால் ஆயது. பெரும்பாலும் இந்தியக் காடுகளிலே திரட்டிய அரக்குடன் கற்பொடி போன்ற கடினமான தூளைக் கலந்தே தட்டு வார்த்தனர். உருக்கு ஊசியின் பாரத்தைத் தாங்குவதற்கு அத்தூள் வேண்டியிருந்தது. அத்தூளின்மேல் ஊசி உராயும்போதெல்லாம் ஒரு சீற்றம் எழும். பெருவாத்தியக் குழுவின் முழக்கத்தில் அச்சீற்றம் அமிழ்ந்துவிடும். மெல்லிய ஒலியோ அச்சீற்றத்துள் தானே அமிழ்ந்துவிடும்.

யப்பானிய மூங்கிற் குழலாகிய ஷாக்குஹாச்சியை எண்ணுக. அதனை ஊதும்போது கேட்கும் மூச்சின் ஓசை குற்றமாய்க் கொள்ளப்படுவதில்லை. அதுவும் இசையின் ஒரு கூறாய் மதிக்கப்படும். ஷாமிசென், பீவா என்னும் நரம்புக் கருவிகளிலே 'சவாரி' என்னும் ஒரு ரீங்காரத்தை வேண்டுமென்றே எழுப்புவர். எமது தம்புராவில் நூலிட்டு ஜீவாவை எழுப்புவதற்கு அது நிகரானது. இந்நுண்ணிய ஓசைகளும் தட்டின் சீற்றமும் கலந்தால், குழலின் மூச்சு எது, ஊசியின் சீற்றம் எது எனப் பிரித்தறிதல் அரிது. மௌனத்தின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. கலைஞர் கையை நிறுத்தியபோதும் தட்டு நிறுத்துவதில்லை. மண்டபத்திலே அவையோர் மூச்சடக்கி நின்ற கணம், தட்டிலே வெறும் சீற்றமாய்க் கேட்கின்றது.

ஆகவே, தனிசாக்கியின் முறையீட்டிற் பாதி அழகியல், பாதி பௌதிகம் என்பது தெளிவாகின்றது. தாங்கும் பொருள் தானே பேசத் தொடங்கினால், அடக்கமாய்ப் பேசும் கலையே முதலில் இழப்புறும். ஆரவாரமான கலைக்கு அவ்வளவு தீங்கில்லை. மேனாட்டார் யப்பானிய இசைக்குப் பகையாய்க் கருவியை ஆக்கினர் என்பதற்கில்லை. ஆயினும் அக்கருவியின் குறை எல்லா இசையையும் ஒரே அளவில் தாக்கவில்லை.

காகிதமே ஒலியைத் தாங்கிய வரலாறு

ஒலியை முதன்முதற் பொறித்த பொருள்களுள் காகிதமும் ஒன்று என்பதைப் பலர் அறியார். பிரான்சு நாட்டவரான ஸ்கொட் த மார்தின்வில் 1857 ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்ற கருவி, விளக்குக் கரி படிந்த தாளிலே ஒலியின் அலையை வரைந்தது. அதனைக் கண்ணாற் காண்பதே அவர் நோக்கம். மீண்டும் ஒலிக்கச் செய்ய அவர் எண்ணவில்லை. 1860 ஆம் ஆண்டு ஏப்பிரல் 9 ஆம் நாள் அவர் வரைந்த ஒரு பாட்டின் கோட்டை, 2008 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கணினியின் துணையால் ஒலிக்கச் செய்தனர். எடிசனும் 1877 ஆம் ஆண்டில் வெள்ளீயத் தகட்டைக் கையாளுமுன், மெழுகு தோய்த்த காகிதத்திலேயே குரலைப் பதித்துப் பார்த்தார். காந்த ஒலிநாடாவும் காகிதமாகவே பிறந்தது. சிகரெட்டுத் தாளிலே உலோகப் பட்டி பூசும் தொழிலை அறிந்த ஜேர்மானியரான பிரிற்ஸ் புளொய்மர், 1928 இல் இரும்புத் தூள் பூசிய காகித நாடாவுக்குக் காப்புரிமை பெற்றார்.

இரண்டாம் உலகப் போரின்பின் இவ்வரலாறு யப்பானை வந்தடைந்தது. 1946 ஆம் ஆண்டில் இபுகா மசாரு, மொரிட்டா அகியோ என்னும் இருவர் தோக்கியோவிலே ஒரு சிறு தொழிற்சாலையைத் தொடங்கினர். பின்னாளிற் சொனி எனப் பெயர் பெற்றது அதுவே. அமெரிக்கர் கொணர்ந்த நாடா ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைக் கண்ட இபுகா, அதனைத் தாமே ஆக்கத் துணிந்தார். கருவியைச் செய்தல் கூடும். நாடாவுக்கு வேண்டிய பிளாத்திக்கு அன்றைய யப்பானிற் கிடையாது. எனவே அவர்கள் தம் நாட்டுக்கு நன்கு பழக்கமான பொருளை நாடினர். காகிதத்தைக் கீற்றுக் கீற்றாக வெட்டி ஒட்டினர். இரும்பின் ஒட்சலேற்றை வாங்கிவந்து வாணலியில் வறுத்துக் காந்தத் தூளாக்கினர். அதனைக் குழம்பாக்கி, விலங்கின் மென்மயிர்த் தூரிகையாற் பூசினர். இவ்வாறு அடுக்களைச் சமையலைப்போற் பிறந்த நாடாவுடன் 1950 ஆம் ஆண்டில் யப்பானின் முதல் நாடா ஒலிப்பதிவுக் கருவி விற்பனைக்கு வந்தது. நீதிமன்றமும் பள்ளிக்கூடங்களும் அதனை முதலில் வாங்கியோருள் அடங்கும்.

எழுத்துக்கு அமைதியாய் இருந்த காகிதம் ஒலிக்கு அமைதியாய் இருக்கவில்லை. கண்ணுக்கும் கைக்கும் இனிதான நாரின் மேடுபள்ளம், காந்தத் தலையின்மேல் ஓடும்போது இரைச்சலாயிற்று. வழவழப்பாக அழுத்திய தாளைத் தேடிப் பெற்று இரைச்சலை அவர்கள் குறைத்தனர். பிளாத்திக்கு நாடா கிடைத்தபின் காகித நாடாவைக் கைவிட்டனர். ஒரு தொழிலில் நற்குணமானது மற்றொரு தொழிலிற் குறையாகலாம் என்னும் பாடம் இதிலே அமைந்துள்ளது. வாஷியின் மௌனம் காகிதம் என்னும் பொருளில் மட்டும் இருக்கவில்லை. பொருளும் பணியும் ஒன்றற்கொன்று பொருந்திய பொருத்தத்திலேதான் இருந்தது.

அந்நாளில், தோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தில் வாய்ப்பாட்டுப் பயின்ற மாணவர் ஓகா நோரியோ இக்கருவியைக் கேட்டு மனநிறைவு கொள்ளவில்லை. நாடா சீராக ஓடாமையால் சுருதி தள்ளாடுகின்றது எனத் தொழிற்சாலையாரிடமே கண்டித்துரைத்தார். ஆடுபவருக்குக் கண்ணாடி வேண்டுவதுபோலப் பாடுபவருக்கும் செவிக்கேற்ற ஒரு கண்ணாடி வேண்டும் என்பது அவர் கொள்கை. குறை கூறியவரை விலக்காது, இபுகாவும் மொரிட்டாவும் அவரை ஆலோசகராய் அழைத்துக்கொண்டனர். அவரே 1982 ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் தலைவரானார். குற்றத்தைக் கேட்கும் செவி இல்லாத தொழிற்சாலையிலே நல்ல கருவி பிறவாது என்பதற்கு இஃது ஒரு சான்று.

கூம்பிலே நின்ற காகிதம்

நாடாவிலிருந்து விலகிய காகிதம் ஒலிபெருக்கியிலே நிலைத்தது. 1925 ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய செஸ்ரர் றைஸ், எட்வேட் கெலோக் இருவரும் வெளியிட்ட ஆய்விலிருந்தே இன்றைய ஒலிபெருக்கி பிறந்தது. காந்தத்தின் இடையே அசையும் கம்பிச்சுருள் ஒரு கூம்பை முன்னும் பின்னும் தள்ள, அது காற்றை அசைக்கின்றது. அக்கூம்பு பெரும்பாலும் காகிதமே. அலுமினியம், பெரிலியம் முதலிய உலோகங்களையும் பலவகைப் பிளாத்திக்குகளையும் கொண்டு கூம்பு ஆக்கியும், ஒரு நூற்றாண்டின்பின் காகிதம் தன் இடத்தை இழக்கவில்லை.

இதன் காரணம் எளிது. கூம்பு பாரமற்றதாய் இருத்தல் வேண்டும். வளையாத விறைப்புடையதாய் இருத்தல் வேண்டும். தட்டியவுடன் மணிபோல் நீண்டொலிக்காததாயும் இருத்தல் வேண்டும். உலோகம் விறைப்புடையது, ஆயின் தட்டினால் ஒலித்துக்கொண்டே இருக்கும். காகிதத்தின் நார்கள் ஒன்றோடொன்று உராய்ந்து அவ்வதிர்வைத் தமக்குள்ளேயே தணித்துவிடுகின்றன. மின்னோட்டம் நின்றதும் கூம்பும் அடங்குகின்றது. தான் பேசாது பிறர் பேச்சைச் சொல்லும் தூதனின் இலக்கணம் இது. நாடாவிலே குறையாய் நின்ற நாரின் பின்னல் கூம்பிலே குணமாயிற்று.

யப்பானின் யமஹா நிறுவனம் 1978 ஆம் ஆண்டில் வெளியிட்ட என்.எஸ். 10 எம் என்னும் சிறு ஒலிபெருக்கியின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் வெண்ணிறக் கூம்பு அச்சிலே வார்த்ததன்று. தட்டையான தாளைச் சுருட்டி விளிம்பை ஒட்டிச் செய்தது. வீட்டிலே இசை கேட்போர்க்கென ஆக்கிய அக்கருவியை வீட்டார் அவ்வளவாய் விரும்பவில்லை. ஒலிப்பதிவுக் கூடங்களோ அதனை உவந்தேற்றன. அது பதிவின் குற்றத்தை மறைக்காது காட்டிற்று. உயர்ந்த சுருதிகளை ஒலிக்கும் அதன் சிறு பகுதி செவியைக் குத்துவதாய் இருந்தமையால், பதிவாளர் அதன்முன் மெல்லிய துடைதாள் ஒன்றைத் தொங்கவிட்டனர். ஒரு தாளினால் ஒலியின் கூர்மை தணிந்தது. வெயிலின்முன் ஷோஜியை இழுத்து மூடும் யப்பானிய வழக்கத்தை இச்செயல் எமக்கு நினைவூட்டுகின்றது. செய்தவரோ பெரும்பாலும் மேனாட்டவர். கூம்புக்கு வேண்டிய மரக்கூழ் கிடைத்தல் அரிதாயினமையால் 2001 ஆம் ஆண்டிலே அதன் உற்பத்தி நின்றது. 2008 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிராமி விருதுகளுள் தொழினுட்பத்துக்கான விருது இக்கருவியின் பொருட்டு அந்நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது.

மௌனம் கிடைத்தபின்

தனிசாக்கியின் முறையீட்டில் பௌதிகத்தைச் சார்ந்த பாதிக்கு இறுதி விடை கண்டோருள்ளும் யப்பானியர் முன்னின்றனர். ஒலியலையை எண்களாக மாற்றிப் பதியும் இலக்கமுறைப் பதிவை யப்பானிய ஒலிபரப்புக் கழகத்தின் ஆராய்ச்சிக்கூடம் 1960 களின் பிற்பகுதியிலே செய்து காட்டியது. 1972 இல் நிப்பொன் கொலம்பியா நிறுவனம் அதனை இசைத்தட்டுப் பதிவுத் தொழிலிற் புகுத்தியது. 1982 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 1 ஆம் நாள், சொனி நிறுவனமும் ஒல்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனமும் கூடி ஆக்கிய இறுவட்டு யப்பானில் விற்பனைக்கு வந்தது. செக்கனுக்கு 44,100 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கும் அவ்வட்டில் ஊசியும் இல்லை, உராய்வும் இல்லை. கலைஞர் கையை நிறுத்தினால் வட்டும் மௌனமாகின்றது. காகித நாடாவின் சுருதித் தள்ளாட்டத்தைக் கண்டித்த ஓகாவே இறுவட்டை நாட்டுவதிலும் முன்னின்றவர் என்பது நினைக்கத்தக்கது.

ஆயினும் மறுபாதி எஞ்சி நிற்கின்றது. கருவிக்கு உகந்தவாறு கலையை வளைத்தல் என்னும் குற்றம் கருவியின் குற்றமன்று. அது எமது குற்றம். அரக்குத் தட்டின் ஒருபுறம் மூன்று அல்லது நான்கு நிமிடமே ஒலிக்கும். அக்காலத்திற் கருநாடக இசைப் பெருங்கலைஞர்களும் ஆலாபனையைச் சுருக்கி, கிருதியை விரைந்து பாடி அவ்வெல்லைக்குள் அடக்க நேர்ந்தது. அத்தட்டுக்கள் எமக்குப் பெருஞ் செல்வமே. அவையின்றேல் அக்குரல்களை நாம் கேட்டிரோம். ஆனால் அச்சுருக்கமே இசையின் இலக்கணம் என எவரேனும் கொண்டால் அது பேதைமை. இன்று மௌனத்தையும் பதிக்கவல்ல கருவி எம்மிடம் உண்டு. மெல்லொலியையும் வல்லொலியையும் ஒரே உரப்புக்கு உயர்த்தி இடைவெளியை நிரப்பும் பழக்கமும் உடன் வளர்ந்துள்ளது. பெற்ற மௌனத்தை நாமே இரைச்சலால் நிரப்பினால், அரக்குத் தட்டை நோவதிற் பயனில்லை.

வேறோர் உண்மையும் உண்டு. 'மா' என்னும் மௌனம் வெறும் ஒலியின்மையன்று. வாசிப்பவர் அடுத்த ஒலியை எப்பொழுது எழுப்புவார் என அவையோர் காத்திருக்கும் காத்திருப்பே அதற்கு உயிர். அக்காத்திருப்பை நாடாவும் தட்டும் பதிக்க மாட்டா. கேட்பவர் அதனைத் தம் நெஞ்சிலிருந்தே கொணர்தல் வேண்டும். பழைய தட்டின் சீற்றத்தினூடே ஒரு மேதையின் இடைநிறுத்தத்தைக் கூர்ந்து கேட்டு மெய்ம்மறப்பவரும் உளர். மாசற்ற இறுவட்டை ஒலிக்கவிட்டு உரத்துப் பேசிக்கொண்டிருப்பவரும் உளர்.

எமது கல்லூரி மாணவர்க்கு நாம் கூற விரும்புவது இதுவே. ஏட்டுச் சுவடி, அச்சுத் தாள், தட்டு, நாடா, திரை எனப் பல தாங்குபொருள்கள் உங்கள் கைக்கு வந்துள்ளன, இன்னும் வரும். எதனைப் பெறினும், 'இஃது எதனைத் தாங்குகின்றது' என்று மட்டும் கேளாது, 'எதனை விட்டுவிடுகின்றது' என்றும் கேளுங்கள். தனிசாக்கி வினவினார், ஓகா குறை கூறினார், இபுகாவும் மொரிட்டாவும் குறையைக் கேட்டுத் திருத்தினர். வினவுவோரும் குறை கூறுவோரும் கேட்டுத் திருந்துவோரும் ஒரு நாட்டிலே ஒருங்கு வாழ்ந்தால், பிறர் ஆக்கிய கருவியும் அந்நாட்டின் கருவியாகிவிடும். அம்மூவகையினரும் இக்கல்லூரியிலிருந்து தோன்றுக என வாழ்த்தி அமைகின்றோம்.